கிட்னி பலவீனமானவருக்கு "ஒரே ஊசி" ஆன்டிபயாடிக் போடலாமா?

கேள்வி அமெரிக்காவில், நியூ ஜெர்ஸியில் இருக்கும் ஒரு தம்பியிடமிருந்து வந்தது. தேவகோட்டையில் அவருடைய அப்பத்தா இருக்கிறார். வயது 72, எடை 46 கிலோ, ரொம்ப வருடமாகச் சர்க்கரை, கிரியேட்டினின் 1.9, டயாலிசிஸ் இன்னும் ஆரம்பிக்கவில்லை. இடது கால் கணுக்காலுக்கு மேலே சிவந்து வீங்கி, குளிர்காய்ச்சல் வந்து, "செல்லுலைட்டிஸ்" (தோலிலும் அதன் அடியிலும் கிருமித் தொற்று) என்று சொல்லியிருக்கிறார்கள். ஒரு வருடத்துக்குள் இது இரண்டாவது தடவை. பெரிய வீடு, கூட ஒரு வேலைக்கார அம்மா மட்டும், தினமும் ஆட்டோ வைத்து ஊசி போட அழைத்துப்போக ஆள் இல்லை. அமெரிக்காவில் ஒரே ஊசியில் இரண்டு வாரத்துக்கு நிற்கிற ஆன்டிபயாடிக் இருக்கிறதாமே, அதை வாங்கிக் கொடுத்துவிடலாமா, கிட்னி அதைத் தாங்குமா என்று கேட்கிறார்.

நான் காரைக்குடிப் பக்கம் கிட்னி நோயாளிகளைப் பார்க்கிற மருத்துவன். நேரடியாகவே சொல்கிறேன். அப்படி மருந்து இருக்கிறது, அளவைக் குறைத்துப் போட்டால் உங்கள் அப்பத்தாவின் கிட்னி அதைத் தாங்கும். ஆனால் அவருக்கு அது தேவைப்படுமா என்பது வேறு கேள்வி, பெரும்பாலும் தேவைப்படாது. கிட்னி குறைந்த ஒருவருக்கு ஆன்டிபயாடிக் கொடுக்கும்போது "எத்தனை நாள் உடம்பில் நிற்கும்" என்பதைவிட, என்ன கிருமி, முதல் டோஸ் முழுதாகப் போயிற்றா, அடுத்த டோஸ் எப்போது, எந்தக் கையில் ஊசி போடுகிறார்கள் என்பவைதான் முடிவைத் தீர்மானிக்கின்றன. அதனால்தான் பதில் நீண்டுவிட்டது. படித்துவிட்டு அப்பத்தாவைப் பார்க்கிற டாக்டரிடம் பேசுங்கள், அவர் காலைக் கண்ணால் பார்த்தவர், நான் பார்க்கவில்லை.

முதலில் அந்த 1.9. கிரியேட்டினின் என்பது தசையிலிருந்து வருகிற, கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவு. லேப் சீட்டில் கீழே இஜிஎஃப்ஆர் என்று, கிட்னி நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் வடிகட்டுகிறது என்பதற்கான உத்தேச எண் ஒன்று போட்டிருப்பார்கள், இந்த வயதுக்கு 28-க்குப் பக்கத்தில் வந்திருக்கும். அந்தக் கணக்கில் எடை கிடையாது. மருந்தளவு பார்க்க இன்றும் மருந்தோடு வருகிற குறிப்புச் சீட்டுகளில் பெரும்பாலானவை எடுத்துக்கொள்வது 1976-ல் வந்த காக்ராஃப்ட் - கால்ட் கணக்கைத்தான்: 140-லிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, கிரியேட்டினினை 72-ஆல் பெருக்கிய தொகையால் வகுத்து, பெண்ணாக இருந்தால் 0.85-ஆல் பெருக்க வேண்டும். அப்பத்தாவுக்குப் போட்டுப் பாருங்கள். 68-ஐ 46-ஆல் பெருக்கினால் 3128, அதை 136.8-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 22.9, 0.85-ஆல் பெருக்க 19 சொச்சம் வருகிறது. நிமிடத்துக்கு 19 மில்லிலிட்டர். நம்ம ஊர் வயதான பெண்கள் பலர் ஒல்லியானவர்கள், தசை குறைவு, கிரியேட்டினின் உற்பத்தியும் குறைவு, ஆகவே 1.9 என்ற எண்ணைப் பார்த்து "கொஞ்சம்தானே கூடியிருக்கு" என்று விட்டுவிடுகிறார்கள். இதே 1.9 எண்பது கிலோ எடையுள்ள நாற்பது வயது ஆணுக்கு வந்தால் நிமிடத்துக்கு 58 வரும். ஆகவே எந்த டாக்டரிடம் போனாலும் கிரியேட்டினினோடு சேர்த்து எடையையும் சொல்லுங்கள். எடை மிஷினில் ஏற்றிப் பார்த்த எடை, உத்தேசமாகச் சொல்வதல்ல.

சரி, அந்த ஒரே ஊசி எது? டால்பாவான்சின். 2014-ல் அமெரிக்காவில் தோல் தொற்றுக்கு அனுமதி கிடைத்தது, அப்போது முதல் நாள் 1000 மி.கி., ஒரு வாரம் கழித்து 500 மி.கி. என்று இரண்டு டோஸ். பிறகு 2016-ல் 1500 மி.கி.யை ஒரே தடவையாக அரை மணி நேரத்தில் ஏற்றலாம் என்று அனுமதித்தார்கள். ரத்தத்தில் உள்ள புரதத்தோடு நூற்றுக்கு 93 பங்கு ஒட்டிக்கொண்டு மெதுவாகத்தான் வெளியேறும், அதனால்தான் வாரக்கணக்கில் நிற்கிறது. அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சிறுநீரில் மாறாமல் போகிறது, மலத்திலும் ஒரு பங்கு போகிறது. கிட்னி மட்டுமே வாசல் என்று இல்லாததால் கிட்னி குறைந்தவர்களிடமும் தாறுமாறாக ஏறுவதில்லை. நிமிடத்துக்கு 30-க்குக் கீழே இருந்து, டயாலிசிஸில் இல்லாதவர்களுக்கு 1500-க்குப் பதில் 1125 மி.கி., இரண்டு டோஸ் முறை என்றால் 750-ம் 375-ம். வாரம் தவறாமல் ஹீமோடயாலிசிஸ் (மிஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்வது) செய்பவர்களுக்குக் குறைக்கவே வேண்டாம், முழு 1500, அதுவும் டயாலிசிஸுக்கு முன்னாலா பின்னாலா என்று பார்க்காமல் போடலாம். இது தலைகீழாகத் தோன்றும். ஆனால் அவர்களிடம் அளந்து பார்த்தபோது மருந்து அளவுகள் கிட்னி லேசாகக் குறைந்தவர்களைப் போலத்தான் இருந்தன, மூன்று மணி நேர டயாலிசிஸில் வெளியேறியதும் மிகச் சொற்பம்.

இன்னொன்று ஒரிடாவான்சின். அதுவும் 2014-தான், 1200 மி.கி. ஒரே டோஸ், முதலில் வந்த வடிவத்தை மூன்று மணி நேரம் ஏற்ற வேண்டும். கிட்னி லேசாகவோ நடுத்தரமாகவோ குறைந்தவர்களுக்கு அளவு மாற்ற வேண்டாம். ஆனால் டயாலிசிஸ் நோயாளிகளைப் பார்க்கிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. இந்த மருந்து போட்டபிறகு 120 மணி நேரம் வரை, அதாவது ஐந்து நாள், ரத்தம் உறைகிற நேரத்தைப் பார்க்கிற ஏபிடிடி பரிசோதனை பொய்யாக நீண்டு காட்டும், அந்த நாட்களில் நரம்பு வழியாக ஹெப்பாரின் கொடுக்கக் கூடாது என்றே மருந்தோடு வருகிற குறிப்புச் சீட்டில் இருக்கிறது. டயாலிசிஸ் மிஷினில் ரத்தம் உறையாமல் ஓடுவதற்குப் பெரும்பாலும் கொடுப்பதே ஹெப்பாரின்தான். ஒரு நோயாளி எங்கோ இந்த ஊசி போட்டுக்கொண்டு மறுநாள் டயாலிசிஸுக்கு வந்து, அதை யாரிடமும் சொல்லாமல் இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். டெலாவான்சின் என்று அதே குடும்பத்தில் மூன்றாவதும் உண்டு, அது கிட்னியையே கெடுக்கக்கூடியது, கிட்னி குறைந்தவர்களுக்கு அந்தப் பக்கமே போக வேண்டாம்.

இந்த மூன்றுமே ஒருவகைக் கிருமிகளைத்தான் கொல்லும். ஸ்டேஃபிலோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போன்ற கிராம் பாசிட்டிவ் கிருமிகள். ஈ.கோலை, கிளெப்சியெல்லா, சூடோமோனாஸ் மாதிரி கிராம் நெகட்டிவ் கிருமிகள் மேல் ஒரு வேலையும் செய்யாது. நம் பக்கம் கிட்னி நோயாளிகளுக்கு அடிக்கடி வருகிற சிறுநீர்த் தொற்றில் பெரும்பங்கு ஈ.கோலைதான். சர்க்கரைப் புண் பழசாகி ஆழமாகப் போய்விட்டால் அதில் பலவகைக் கிருமிகள் கலந்து இருக்கும், நம் நாட்டில் கிராம் நெகட்டிவ் நிறைய. அங்கே ஆயிரக்கணக்கான டாலர் விலையுள்ள ஊசியைப் போட்டுவிட்டு இரண்டு வாரம் நிம்மதியாக இருந்தால் கால் போய்விடும். விலையைப் பற்றி நான் கவலைப்படவில்லை, பேரன் பணம் கட்டத் தயாராக இருக்கிறார் என்று தெரிகிறது. இரண்டு வாரத்துக்கு மருந்து உள்ளே இருக்கிறது என்ற தைரியத்தில் யாரும் அந்தக் காலைத் திரும்பப் பார்க்காமல் விடுவதுதான் எனக்குப் பயம்.

இப்போது அப்பத்தாவின் காலுக்கு வருவோம். சீழ் இல்லாமல், புண் இல்லாமல், தோல் மட்டும் சிவந்து சூடாகி வீங்கி வருகிற செல்லுலைட்டிஸுக்குப் பெரும்பாலும் காரணம் ஸ்ட்ரெப்டோகாக்கஸ். அந்தக் கிருமி இன்றைக்கும் பெனிசிலின் குடும்பத்துக்கும் செபலோஸ்போரினுக்கும் படிந்து போகிற கிருமி. காய்ச்சல் இறங்கி, வாந்தி இல்லாமல், சாப்பிட முடிகிறது என்றால் செபலெக்சின் மாத்திரையே போதும், அவருடைய கிட்னி அளவுக்கு 250 மி.கி. எட்டு அல்லது பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று குறைத்துக் கொடுப்பார்கள். குளிர் நடுக்கம், காய்ச்சல் இருக்கிறபோது ஊசி வேண்டும், அதற்கு செஃப்ட்ரையாக்சோன் இருக்கிறது. ஒரு நாளைக்கு ஒரே தடவை. கல்லீரல் வழியாகப் பித்தத்திலும் கிட்னி வழியாகச் சிறுநீரிலும் இரண்டு பக்கமும் வெளியேறுகிற மருந்து அது, ஆகவே கிட்னி மட்டும் குறைந்தவர்களுக்கு அளவு மாற்ற வேண்டியதில்லை. கல்லீரலும் சேர்ந்து பழுதாகியிருந்தால் நாளைக்கு 2 கிராமுக்கு மேல் போகக் கூடாது. நன்றாகக் கேட்டு வந்தால் சாதாரண செல்லுலைட்டிஸுக்கு ஐந்து நாள் போதும், குறையவில்லை என்றால் நீட்ட வேண்டும். அதாவது இரண்டு மூன்று நாள் ஊசி, அப்புறம் மாத்திரை. நீங்கள் பயப்படுகிற அளவுக்கு ஆட்டோச் சவாரி இல்லை.

சீழ் இருந்தால் கதை வேறு. கட்டியைக் கீறிச் சீழை வெளியேற்றாமல் எந்த ஆன்டிபயாடிக்கும் முழுதாக வேலை செய்யாது, அந்தச் சீழைக் கல்ச்சருக்கு (எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கிற சோதனைக்கு) அனுப்ப வேண்டும், மேலே துடைத்த பஞ்சை அல்ல. அதில் எம்ஆர்எஸ்ஏ என்கிற, சாதாரண செபலோஸ்போரினுக்குப் படியாத ஸ்டேஃபிலோகாக்கஸ் வந்தால்தான் டால்பாவான்சின் வகை மருந்துகளின் பேச்சே வரும். அந்த இடத்தில் நம் ஊரில் நீண்ட காலமாகப் புழங்குகிற மருந்து டைகோப்ளானின். அதுவும் நீண்ட நேரம் நிற்கிற மருந்துதான், பாதியாகக் குறையவே 100 மணி நேரத்துக்கு மேல் ஆகும். நரம்பிலும் போடலாம், தசையிலும் போடலாம், நரம்பு கிடைக்காத வயதானவர்களுக்கு அது பெரிய உபகாரம். ஆனால் டால்பாவான்சின் மாதிரி இல்லை, டைகோப்ளானின் அநேகமாக முழுக்க முழுக்க கிட்னி வழியாகத்தான் போகிறது.

அதனாலேயே டைகோப்ளானினில் அடிக்கடி ஒரு தவறு நடக்கிறது. கிரியேட்டினின் கூட இருக்கிறது என்று முதல் நாளே டோஸைக் குறைத்துவிடுகிறார்கள். முற்றத்து அண்டாவை நிரப்ப எத்தனை குடம் வேண்டும் என்பது அண்டாவின் கொள்ளளவைப் பொறுத்தது, அடியிலிருக்கிற குழாய் அடைத்திருக்கிறதா திறந்திருக்கிறதா என்பதைப் பொறுத்தது அல்ல. நிரம்பியபிறகு எவ்வளவு ஊற்ற வேண்டும் என்பதற்குத்தான் குழாயைப் பார்க்க வேண்டும். டைகோப்ளானினுக்கு முதலில் 12 மணி நேரத்துக்கு ஒருமுறையாக மூன்று டோஸ், தோல் தொற்றுக்குக் கிலோவுக்கு 6 மி.கி. வீதம். 46 கிலோவுக்கு 276 வருகிறது. எலும்பு, மூட்டு, இதய வால்வு என்றால் கிலோவுக்கு 12 வரை, மூன்று முதல் ஐந்து டோஸ். இந்த ஆரம்ப டோஸ்கள் கிட்னி எப்படி இருந்தாலும் முழுதாகப் போக வேண்டும். நான்காம் நாளுக்கு அப்புறம்தான் குறைப்பு: 30-க்கும் 80-க்கும் நடுவில் இருந்தால் பாதி, 30-க்குக் கீழே என்றால் மூன்றில் ஒரு பங்கு. மூன்றில் ஒரு பங்கை தினமும் கொடுக்கலாம், அல்லது முழு டோஸை மூன்று நாளைக்கு ஒருமுறை கொடுக்கலாம், கணக்கு ஒன்றுதான். ஹீமோடயாலிசிஸில் இது வெளியேறுவதில்லை. பாருங்கள், தினமும் ஊசி போட வேண்டிய மருந்து உங்கள் அப்பத்தாவுக்கு நான்காம் நாளுக்குமேல் மூன்று நாளைக்கு ஒரு ஊசி ஆகிவிடுகிறது. அமெரிக்காவிலிருந்து எதையும் கொண்டுவர வேண்டியதில்லை.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கிட்னி கெட்டுப்போனால் சாதாரண மருந்துகளே நீண்ட நேரம் நிற்கிற மருந்துகளாக மாறிவிடுகின்றன. வான்கோமைசின் நல்ல கிட்னி உள்ளவரிடம் ஐந்தாறு மணி நேரத்தில் பாதியாகும், சிறுநீரே வராத ஒருவரிடம் ஒரு வாரம் எடுக்கும். செஃபாசோலின் இரண்டு மணி நேர மருந்து, டயாலிசிஸ் நோயாளிகளிடம் நாள் கணக்கில் நிற்கிறது. அதனால் வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்கு வருகிறவருக்கு ஸ்டேஃபிலோகாக்கஸ் தொற்று என்றால், எம்ஆர்எஸ்ஏ இல்லாதபோது, டயாலிசிஸ் முடிகிற நேரத்தில் 2 கிராம், 2 கிராம், நீண்ட இடைவெளிக்கு முன்னால் 3 கிராம் என்று செஃபாசோலினை மிஷின் குழாயிலேயே போட்டு அனுப்பிவிடுவோம். தனியாக நரம்பு தேட வேண்டாம், தனியாக ஒரு நாள் வர வேண்டாம். விலை குறைந்த பழைய மருந்து. இதைவிட வசதியான ஏற்பாடு எந்தப் புது மருந்திலும் எனக்குக் கிடைத்ததில்லை. வீட்டிலேயே வயிற்றுக்குள் திரவம் விட்டு எடுக்கிற சிஏபிடி செய்கிறவர்களுக்கும் இதே மாதிரி ஒன்று உண்டு. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021-ல் வந்தபிறகு பைகள் வீட்டுக்கே வருவதால் கிராமங்களிலும் இந்த முறையில் இருப்பவர்கள் இருக்கிறார்கள். வெளியே வருகிற திரவம் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி கலங்கினால் வயிற்றுச் சவ்வில் தொற்று, உடனே கிளம்பி வர வேண்டும். அப்போது வான்கோமைசினைப் பையிலேயே கலந்து உள்ளே விட்டால் ஐந்து முதல் ஏழு நாளைக்கு ஒருமுறை போதும்.

நன்மை இருக்கிற இடத்திலேயே ஆபத்தும் இருக்கிறது. அளவைக் குறைக்காமல் விட்ட மருந்து உள்ளே தேங்குகிறது. செஃபிபிம் என்ற ஊசி இதற்குப் பேர்போனது. 2012-ல் அமெரிக்க மருந்துத் துறை இதற்கென்றே எச்சரிக்கை விட்டது, கிட்னி குறைந்தவர்களுக்கு அளவு சரிசெய்யாமல் கொடுத்தால் வெளியே தெரியாத வலிப்பு வரும் என்று. எர்டாபெனெம் தினம் ஒரு தடவை போடுகிற ஊசி, சிறுநீரில் பல மருந்துக்குப் படியாத ஈ.கோலை வந்தால் நிறையப் பேருக்குப் போடுகிறார்கள், நிமிடத்துக்கு 30-க்குக் கீழே இருந்தால் 1 கிராமை 500 மி.கி.யாகப் பாதியாக்க வேண்டும், பாதியாக்கியும்கூடச் சிலருக்கு மூளையைப் பாதிக்கிறது. வீட்டில் இருக்கிறவர்களுக்கு இது எப்படித் தெரியும் என்றால், மூன்றாம் நாள் நான்காம் நாளில் அப்பத்தா இறந்துபோன கணவரைக் கூப்பிடுவார், கரண்டியைப் பிடித்தால் கை வெட்டி வெட்டி உதறும், கேட்ட கேள்விக்குப் பதில் வராமல் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பார். "காய்ச்சல் வேகம்", "வயசாயிடுச்சு", "சர்க்கரை குறைஞ்சிருக்கும்" என்று ஆளுக்கொன்று சொல்லி விட்டுவிடுகிறார்கள். சர்க்கரையைக் கட்டாயம் பாருங்கள். அது சரியாக இருந்தால் டாக்டரைக் கூப்பிட்டு "இந்த ஊசியால் இருக்குமா" என்று கேட்டே ஆக வேண்டும். மருந்தை நிறுத்தினால் பெரும்பாலானவர்கள் சில நாளில் தெளிந்துவிடுகிறார்கள், தேவைப்பட்டால் டயாலிசிஸில் மருந்தை வெளியே எடுக்கவும் முடியும். டால்பாவான்சினில் அந்த வழி இல்லை. ஒவ்வாமை வந்தால், கல்லீரல் எண்கள் ஏறினால், ஏற்றிய மருந்தைத் திரும்ப எடுக்க முடியாது, டயாலிசிஸும் எடுக்காது. வான்கோமைசினோ டைகோப்ளானினோ ஒத்துக்கொள்ளாமல் போனவர்களுக்கு இதை யோசித்துத்தான் போட வேண்டும்.

அதே நேரத்தில் பயந்து பயந்து எல்லாவற்றையும் குறைப்பதும் தப்பு. காய்ச்சலோடு வருகிறவர்களுக்குத் தண்ணீர் குறைந்து, ரத்த அழுத்தம் இறங்கி, கிரியேட்டினின் தற்காலிகமாக ஏறியிருக்கும். சலைன் போட்டு, காய்ச்சல் இறங்கியதும் பாதிப் பேருக்கு மேல் இரண்டு நாளுக்குள் பழைய நிலைக்கு வந்துவிடுகிறது. அந்த முதல் 48 மணி நேரத்தில்தான் கிருமி வேகமாகப் பரவுகிறது, அந்த நேரத்தில் போய் அரை டோஸ் கொடுத்தால் யாருக்கு லாபம்? பெனிசிலின், செபலோஸ்போரின் வகை மருந்துகளில் முதல் இரண்டு நாள் தாராளமாகக் கொடுத்துவிட்டு, அப்புறம் புதிதாக எடுத்த கிரியேட்டினினைப் பார்த்துக் குறைப்பதுதான் சரி என்பது என் கருத்து. உங்கள் அப்பத்தாவுக்கு 1.9 பழைய எண்ணா, காய்ச்சல் அன்று எடுத்ததா என்று பாருங்கள். பழைய சீட்டுகள் பீரோவில் எங்காவது இருக்கும். வேலைக்கார அம்மாவைக் கொண்டு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

நீண்ட நாள் நிற்கிற மருந்து கிட்னி நோயாளிக்கு உண்மையிலேயே பெரிய உதவி செய்கிற இடம் ஒன்று உண்டு, இதைக் குடும்பங்களில் யாருமே யோசிப்பதில்லை. நரம்பைக் காப்பாற்றுவது. நிமிடத்துக்கு 19 என்றால் நான்காம் நிலை கிட்னி நோய். சில வருடத்திலோ அதற்கு முன்போ டயாலிசிஸ் பேச்சு வரலாம், அப்போது முன்கையில் ஃபிஸ்டுலா போடுவார்கள், ரத்தம் போகிற தமனியையும் திரும்புகிற நரம்பையும் சேர்த்துத் தைத்து. அதற்கு நல்ல நரம்பு வேண்டும். எலும்புத் தொற்றுக்கோ ரத்தத்தில் கலந்த ஸ்டேஃபிலோகாக்கஸுக்கோ நான்கு வாரம், ஆறு வாரம் ஊசி என்றால் மேல்கையில் குத்தி நெஞ்சு வரை போகிற பிக் லைன் என்ற நீளக் குழாயைப் போட்டுவிடுவது வழக்கம். அந்தக் குழாய் போன நரம்பு உறைந்து சுருங்கிப்போகும், பிறகு அந்தக் கையில் ஃபிஸ்டுலா வராது. கிட்னி நோய் மூன்றாம் நிலையின் பிற்பகுதியிலிருந்தே இந்தக் குழாயைக் கூடியவரை தவிர்க்க வேண்டும். இப்படிப்பட்டவர்களுக்கு வாரத்துக்கு ஒரு தடவை போட்டால் போதும் என்கிற மருந்து ஒரு கையையே மிச்சப்படுத்துகிறது. ரத்தத்தில் ஸ்டேஃபிலோகாக்கஸ் கலந்து, முதலில் வழக்கமான மருந்தால் ரத்தம் சுத்தமானபிறகு, மீதி நாட்களுக்கு டால்பாவான்சினை முதல் நாளும் எட்டாம் நாளும் என்று இரண்டே டோஸ் போட்டுப் பார்த்த டாட்ஸ் ஆய்வு 2025-ல் வெளிவந்தது, 200 பேரை வைத்துச் செய்தது. வழக்கமான தினசரி சிகிச்சையைவிட மேலானது என்று நிரூபணம் ஆகவில்லை, ஆனால் குணமாவதில் அதற்குக் குறையவில்லை. டாப்டோமைசின் என்ற இன்னொரு ஊசியும் உண்டு, நிமிடத்துக்கு 30-க்குக் கீழே இருந்தால் தினமும் என்பது ஒருநாள் விட்டு ஒருநாள் ஆகிறது, கொழுப்பு மாத்திரை சாப்பிடுபவர்களுக்குத் தசை வலி வருகிறதா என்று கவனித்து, தசை பாதிப்பைக் காட்டுகிற சிபிகே ரத்தப் பரிசோதனையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே இன்றைக்கே நீங்கள் போனில் சொல்ல வேண்டிய ஒன்று: "அப்பத்தாவுக்கு ஊசி, டிரிப், ரத்தம் எடுப்பது எல்லாம் புறங்கையில் எடுங்கள், இடது முன்கையில் குத்தாதீர்கள்." அவர் இடதுகைப் பழக்கம் உள்ளவர் என்றால் வலது முன்கை. அதை ஒரு தாளில் எழுதி மருந்து டப்பாவில் ஒட்டிவைக்கச் சொல்லுங்கள். ஊசி போடுகிற சிஸ்டர்கள் நல்ல நரம்பு தெரிகிற இடத்தில்தான் போடுவார்கள், சொன்னால் ஒழிய அவர்களுக்கு எப்படித் தெரியும்.

இன்னொன்றையும் சொல்லச் சொல்லுங்கள்: வலி ஊசி வேண்டாம். கால் வலிக்கிறது என்றால் ஆன்டிபயாடிக்கோடு சேர்த்து டைக்ளோஃபெனாக் போட்டு அனுப்புகிற பழக்கம் நம் பக்கம் ஊறிப்போயிருக்கிறது. 19-ல் இருக்கிற கிட்னிக்கு, அதுவும் காய்ச்சலில் தண்ணீர் வற்றியிருக்கும்போது, அது அடி. பாரசிட்டமால் போதும். ஜென்டாமைசின், அமிக்காசின் ஊசிகளும் அப்படித்தான், உயிருக்கு ஆபத்து என்கிற கட்டத்தில் டாக்டர் தெரிந்தே போடுவது வேறு, "சேர்த்து ஒண்ணு போடுவோம்" என்று போடுவது வேறு. மெட்ஃபார்மின் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் இந்தக் கிட்னி அளவில் அதைத் தொடரக் கூடாது, பிரஷர் மாத்திரைகளில் எதையாவது காய்ச்சல் முடியும்வரை நிறுத்தி வைக்க வேண்டுமா என்றும் கேளுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது, அதற்குப் படிப்பு தேவையில்லை. சிவப்பின் விளிம்பைச் சுற்றிப் பால்பாயிண்ட் பேனாவால் கோடு போட்டு, கோட்டுக்குப் பக்கத்திலேயே தேதியும் நேரமும் எழுதி, காலையிலும் மாலையிலும் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பச் சொல்லுங்கள். முகப்பில் பகல் வெளிச்சத்தில் எடுக்கட்டும், ட்யூப்லைட்டில் எடுத்தால் நிறம் தெரியாது. முதல் நாள் கோட்டைத் தாண்டிக் கொஞ்சம் பரவினால் பதற வேண்டாம், மருந்து பிடிக்க இரண்டு மூன்று நாள் ஆகும். 72 மணி நேரம் கழித்தும் கோட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தால், கொப்புளம் கறுத்தால், தொட்டதற்கு மிஞ்சிய வலி இருந்தால், சிறுநீர் குறைந்தால், ஆள் மயங்கினால் மறுபேச்சில்லாமல் சேர்க்க வேண்டும். தேவகோட்டையிலிருந்து சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம், இல்லை மதுரைக்கே போகலாம். எங்கே போனாலும் ஆன்டிபயாடிக் ஏற்றுவதற்கு முன்னால் ரத்தக் கல்ச்சர் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். இரண்டு காலும் ஒரே மாதிரி சிவந்து, காய்ச்சலும் இல்லை என்றால் அது தொற்றாகவே இல்லாமல், நீர் தேங்கிய வீக்கமாக இருக்கலாம். அதற்கு எத்தனை ஊசி போட்டாலும் குறையாது.

இரண்டாவது தடவை வந்திருக்கிறது என்றீர்களே, என் மனதில் அதுதான் நிற்கிறது. கிருமி எங்கே நுழைகிறது என்று யாராவது பார்த்தார்களா? கால் விரல் இடுக்கைப் பிரித்துப் பாருங்கள். வெள்ளையாக ஊறிப்போய், தோல் உரிந்து, லேசாக வெடித்திருக்கும், சேற்றுப்புண். அதுதான் வாசல். சர்க்கரையில் பாதம் மரத்துப்போனவர்களுக்கு வெடிப்பு தெரியாது, வலிக்காது. ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் வெறுங்காலோடு பட்டாலையிலிருந்து அடுப்படிக்கு, அங்கிருந்து கிணற்றடிக்கு ஈரக்காலோடு நாள் முழுக்க நடக்கிறவர்கள் நம் வீட்டுப் பெரியவர்கள். குன்றக்குடியிலிருந்து பழனிப் பாதயாத்திரை போய்வந்தபிறகு கால் கொப்புளத்தோடு வருகிற சர்க்கரை நோயாளிகளைத் தை மாதம் முடிந்ததும் நான் பார்க்கிறேன், வேண்டுதலை நிறுத்தச் சொல்லவில்லை, ஆனால் மரத்த காலோடு போகிறவர்கள் தினமும் ராத்திரி யாராவது ஒருவரிடம் காலைக் காட்டிப் பார்க்கச் சொல்ல வேண்டும். அப்பத்தாவுக்கு விரல் இடுக்கைத் துடைத்து உலர வைத்து, பூஞ்சைக்கான களிம்பைச் சில வாரம் விடாமல் தடவி, வீட்டுக்குள்ளேயும் மெத்தென்ற செருப்புப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். வீட்டுக்குள் செருப்பா என்று மறுப்பார். சாமி அறைக்கு வெளியே கழற்றிக்கொள்ளலாம் என்று பேசிச் சம்மதிக்க வையுங்கள்.

இவ்வளவும் செய்தும் திரும்பத் திரும்ப வந்தால், வருடத்துக்கு மூன்று நான்கு தடவை என்றால், அப்போது வேறொரு பழைய நீண்ட நாள் மருந்தைப் பற்றி டாக்டரிடம் கேட்கலாம். பென்சாத்தின் பெனிசிலின். தசையில் போட்டால் அங்கேயே தங்கி, வாரக்கணக்கில் சிறுகச் சிறுக ரத்தத்துக்கு வரும், வாதக்காய்ச்சலில் இதய வால்வு பழுதான பிள்ளைகளுக்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடுவார்களே அதே ஊசி. ரத்தத்தில் அதன் அளவு குறைவாகத்தான் இருக்கும் என்பதால் இப்போது இருக்கிற செல்லுலைட்டிஸை இது குணப்படுத்தாது, அடுத்தது வராமல் தடுக்கத்தான். பெனிசிலின் ஒவ்வாமை உண்டா என்று முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். இந்த மருந்து விஷயத்தில் கிட்னியைவிடத் தசைதான் வேகத்தைத் தீர்மானிக்கிறது என்பதால், டாக்டர் சம்மதித்தால் இந்த அளவு கிட்னியிலும் கொடுக்க முடியும்.

விரல் இடுக்கின் படத்தையும், போன தடவை கொடுத்த ஆன்டிபயாடிக் எது, எத்தனை நாள் என்பதையும் அனுப்புங்கள். அந்தத் தடவை பாதியில் நின்றுபோன சிகிச்சையா என்று தெரிந்தால் நிறையப் புரியும்.